ஒரு முறைக்கு ஒரு வாள்

ஆறு விநாடிக்குள் ஒரு மனிதன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அமெரிக்காவில் உட்கார்ந்து சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் இன்றைய சட்டம் அது. தாள், பென்சில், இருபது முகப் பகடை; மற்றபடி எல்லாம் வாய்தான். வாயால் வாள் வீசுவது என்றால் எனக்குக் கைவந்த கலை என்று நம்பி உட்கார்ந்தேன்.

விழிஞ்ஞத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மகனும் அவன் கல்லூரிக் கூட்டாளிகளும் இதை ஆடுகிறார்கள். அன்று ஒருவனுக்குக் காய்ச்சல். அவன் நாற்காலியும் அவன் தாளும் எனக்கு வந்தன. தாளின்படி நான் ஒரு வீரன், வயது இருபத்தைந்து, இடுப்பில் இரண்டு குட்டை வாள். ரத்த அழுத்த மாத்திரை பற்றித் தாளில் எதுவும் இல்லை.

புதரிலிருந்து கோப்ளின் என்ற பச்சைக் குட்டிச்சாத்தான் பாய்ந்தது. "ரெண்டு வாளையும் உருவிட்டுப் பாயறேன்!" என்றேன். கைதட்டல் வரவில்லை. மகன் புத்தகத்தைப் புரட்டினான். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். நான் போட்ட சோற்றில் வளர்ந்தவன் அன்று எனக்கு மேலதிகாரி.

"ஒண்ணுதான் உருவ முடியும்பா."

"இடுப்புல ரெண்டு இருக்கேடா?"

"இருக்கட்டும். ஒரு முறைக்கு ஒரு பொருளைத்தான் இலவசமா எடுக்கலாம். ரெண்டாவதை எடுக்க ஆக்‌ஷன் செலவாகும். ஆக்‌ஷன் போச்சுன்னா வெட்டு கிடையாது."

2014 பதிப்பின் விதி இது. நடக்கலாம், ஒரு ஆக்‌ஷன் செய்யலாம். கூடவே கதவைத் திறப்பதோ வாளை உருவுவதோ, ஏதாவது ஒரு சில்லறை வேலை இலவசம். ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு வாளை உருவி ஒரு வெட்டு வெட்டலாம். இல்லாவிட்டால் இரண்டையும் உருவிக்கொண்டு, வெட்டாமல், கோப்ளினைப் பார்த்தபடி நிற்கலாம். இரட்டை வெட்டு அடுத்த சுற்றில்தான். அப்போதும் இடது கை வெட்டில் உடல்வலுவைக் கூட்டிக்கொள்ள முடியாது, பகடையில் விழுந்ததுதான் கணக்கு.

எம்.ஜி.ஆரைச் சாட்சிக்கு அழைத்தேன். அவர் இப்படி வாளுக்கு ஒரு முறை என்று எடுத்திருந்தால் நம்பியார் இடைவேளைக்கு முன்பே நாட்டைப் பிடித்திருப்பார் என்றேன். நம்பியார் யார் என்று ஒரு பையன் கேட்டான். களரிக்குத் தாவினேன். வாளும் பரிசையும் சேர்ந்தே வரும் நாடு இது, அதற்கென்ன சொல்கிறாய்? கேடயம் மாட்டவும் ஒரு முழு ஆக்‌ஷன் என்றான் மகன். தெக்கன் களரியில் வெறுங்கைப் பயிற்சிதான் முதலில், ஆயுதம் அப்புறம். நானும் அந்த வழியில் வந்தவன்தான். அந்த முதல் பாடத்தைத் தாண்டவில்லை.

உண்மையில் இந்த விதியை எழுதியவர்கள் என்னைக் காலை வேளையில் பார்த்திருக்க வேண்டும். கேட்டில் மீன்காரச் சேச்சி "மீன் வேணோ?" என்று நிற்பார். சட்டியோடு போவேன், பர்ஸ் மேலே இருக்கும். பர்ஸோடு வருவேன், சட்டி மாடிப்படியில் இருக்கும். இரண்டும் கைக்கு வரும்போது சாளை பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிருக்கும். "கடவுள் ரெண்டு கை குடுத்தது எதுக்காம்?" என்பாள் மனைவி. இனிமேல் பதில் உண்டு: சட்டி இலவசம், பர்ஸுக்கு ஆக்‌ஷன்.

இதற்கு விலக்கும் புத்தகத்தில் இருக்கிறது. 'டூயல் வீல்டர்' என்ற தனித்திறன் பெற்றவர் ஒன்றை உருவும் நேரத்தில் இரண்டை உருவலாம். மகன் இதை வாசித்த நேரத்தில் மனைவி கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் டீத் தட்டும் மறு கையில் பழம்பொரியுமாக உள்ளே வந்தாள். பையன்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

2024 பதிப்பில் இந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். வெட்டும்போதே ஒரு வாளை உருவிக்கொள்ளலாம், இலவசத்தில் இன்னொன்று, முதல் சுற்றிலேயே இரண்டும் கையில். அதே ஆண்டு ஜூலையில்தான் எங்கள் துறைமுகத்துக்கு சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. ஊரும் உலகமும் வேகம் பிடித்துவிட்டன. எங்கள் மாடி மட்டும் 2014-இலேயே நிற்கிறது. புதுப் புத்தகத்துக்குக் காசு கேட்டபோது, பழசு கிழிந்தா போயிற்று என்று சொன்னவன் நான்தான்.

வாதத்தில் தோற்றால் வரலாற்றுக்குள் போய்ப் பதுங்குவது என் வழக்கம். விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் ஊர் என்று ஆரம்பித்தேன். அவர்களில் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், 866-இல் கோயிலோடு ஒரு சாலையும், அதாவது கல்விச்சாலையும், அமைத்தான். 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க இடம். காந்தளூர்ச் சாலைதான் முன்மாதிரி. அவனுடைய செப்பேட்டில் மாணவர்களுக்கான விதிகளும் இருக்கின்றன. ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், ஆயுதத்தால் தாக்கினால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரவே கூடாது. இப்படி ஒரு விதியைச் செம்பில் வெட்ட வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்னால் எவனோ வாளோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மகன் எதையோ குறித்துக்கொண்டான்.

ஆட்டம் தொடர்ந்தது. என் இரண்டாவது வாள் உறையை விட்டு வந்த சுற்றில், பக்கத்திலிருந்த மந்திரவாதிப் பையன் கோப்ளினை எரித்துவிட்டான். உருவியது வீணாகக் கூடாதே என்று இரண்டு வாளோடும் முன்னால் போய், அடுத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன்.

"உள்ளே ராஜசபை," என்றான் மகன். "சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. செப்பேட்டில் இருக்கு."

"சரி, ரெண்டையும் உறையில போட்டுடறேன்."

"இலவசம் கதவைத் திறந்ததுலயே போச்சு. ஆக்‌ஷன் செலவு பண்ணி ஒண்ணைப் போடுங்க. மத்தது கையிலதான் இருக்கும்."

"அங்கிள், கீழே போட்டுடுங்க," என்று மந்திரவாதி காதோடு சொன்னான். "அதுக்குச் செலவே இல்லை."

போட்டேன். கீழே போடுவது மட்டும் எந்தப் பதிப்பிலும் எனக்குத் தடையில்லாமல் வரும்.

"கல்தரை," என்றான் மகன். "சத்தம் கேட்டுக் காவலர்கள் வந்துட்டாங்க. தண்டம் ஐம்பது பொன்."