இரண்டு நாளில் மதுரை

வெள்ளி இரவு சென்னையில் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புகிறவர்களுக்கென்றே மதுரையில் ஒரு தனி வழிபாட்டு முறை உண்டு. விடிந்ததும் இட்லி, நாலு வகைச் சட்னி. அறைக்குப் போய்க் ‘கொஞ்சம்’ கண்ணயர்ந்துவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்தால், நடை சாத்தியிருக்கும். இனி சாயங்காலம்தான். அதுவரை ஜிகர்தண்டா. பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அதைப் பானம் என்று சொல்வது மரியாதைக்காக. அது ஒரு வேளைச் சாப்பாடு.

மாலையில் உள்ளே போகலாம், செல்போன் போகாது. படம் எடுக்க முடியாத கோயிலில் வேறென்ன செய்வதென்று தெரியாமல் சிலர் சாமி கும்பிட்டேவிடுகிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985தான். மிச்சம் 15 எங்கே என்று கேட்க, நுகர்வோர் விழிப்புணர்வு அங்கே எட்டவில்லை.

விட்ட படங்களையெல்லாம் திருமலை நாயக்கர் மகாலில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒற்றை ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களை மன்னர் 1636இலேயே செல்ஃபிக்காக எழுப்பிவைத்திருக்கிறார். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியமும் பட்டியலில் உண்டு. அதற்குள் கறிதோசைக் கடை திறந்துவிடுகிறது.