தூண் பாறை தெரியவில்லை, ஐயா!

அனுப்புநர்: கால்நடையாகச் சுற்றும் ஒருவன் (கால்நடைத் துறைக்கு மாற்றி அனுப்பிவிட வேண்டாம்).

பெறுநர்: மலைத்தலங்களை மேம்படுத்தும் உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: கொடைக்கானலில் அருவியும் பாறையும் பார்க்கப் போனது தொடர்பாக.

பார்வை: பனிமூட்டத்தால் தெரியவில்லை.

ஐயா,

ஐப்பசிக் கடைசியில், மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள், ஏரிக்கரையிலிருந்து தூண் பாறைக்கு நடந்தே போனேன். நடப்பதற்கென்று ஒரு சாண் இடம்கூட விடாமல் சாலை போட்டிருக்கும் உங்கள் சிக்கனத்தை முதலில் பாராட்டிவிடுகிறேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. பாஸ் வாங்கிய வண்டிகள் எல்லாம் மிக ஒழுங்காக, வரிசையாக, என் முழங்கையை உரசிக்கொண்டு போயின.

தூண் பாறை என்பது சுமார் 400 அடி உயரத்துக்குத் தோளோடு தோள் நிற்கும் மூன்று பாறைகள். நான் போன நேரத்தில் கம்பிவேலிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த வெள்ளைக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்துச் சிரித்து செல்ஃபி எடுத்தது. திடீரென்று மேகம் விலகியது. கறுத்த விளிம்பு ஒன்று, அதன் வெடிப்பில் தொற்றியிருந்த புல், புல்லின் நுனியிலிருந்து பாறையில் இறங்கும் ஈரக்கோடு. அவ்வளவுதான், மறுபடி மூடிக்கொண்டது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதே என்றுதான் பயம். மேகத்தை விரட்ட ராட்சத மின்விசிறிக்கு டெண்டர் விடுவீர்கள்; அது வரும்வரை பாறையின் படத்தை ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டுவீர்கள். அதில் பாறையைவிட உங்கள் படம் பெரிதாக இருக்கும்.

வழியிலேதான் குணா குகை. வெள்ளைக்காரன் பிசாசின் சமையலறை என்று பெயர் வைத்த பாறைப் பிளவு அது. 1991-இல் ‘குணா’ படம் வந்து பெயரை மாற்றியது, 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்து கூட்டத்தைக் கூட்டியது. யுகயுகமாகச் சும்மா கிடந்த பாறைக்கு உங்கள் சிபாரிசு இல்லாமலே சினிமாவில் இரண்டு சான்ஸ்!

மத்தியானம் பஸ் பிடித்து வத்தலக்குண்டு சாலையில் இறங்கி, சில்வர் காஸ்கேட் பார்த்தேன். 180 அடி அருவி. மழைக்காலம் என்பதால் நல்ல இரைச்சல், கைப்பிடிச் சுவர் வரைக்கும் சாரல். குனிந்து பார்த்தால், பாறை இடுக்கில் பழுப்பு நுரை. அதில் ஒரு ஷாம்பு பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இந்த அருவிக்குத் தனியாக ஊற்று எதுவும் கிடையாது, ஐயா. 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி நிரம்பி வழிவதுதான் இங்கே வந்து விழுகிறது. அந்த ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். ஆக, லாட்ஜில் குளித்துவிட்டு வருகிறவர் தாம் குளித்த தண்ணீரையே இங்கே நின்று போட்டோ எடுக்கவும் வாய்ப்பிருக்கிறது. மறுசுழற்சிக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

இந்த மலையின் சோலைக்காடும் அதையொட்டிய புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அவற்றை அழித்து யூகலிப்டஸும் சீகையும் பைனும் நட்டது உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள். அந்தப் பைன் மரங்களுக்கு நடுவே நின்றுதான் ‘ஆகா, இயற்கை!’ என்கிறோம்.

ஆகவே, ஏரிக்குள் வரும் சாக்கடையை மட்டும் அடைத்துக் கொடுங்கள். மிச்சமிருக்கிற சோலையில் கை வைக்காதீர்கள். பாறைக்கு வண்ண விளக்கு, அருவிக்குக் கண்ணாடிப் பாலம் முதலான மற்ற இனங்கள் அனைத்திலும் ஆவன செய்யாமலிருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.