நாலு உபாயமும் நாலு வயசும்

புறநானூற்றின் 188-ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு ராஜா. பாண்டியன் அறிவுடை நம்பி. தத்தித் தத்தி வந்து, சின்னக் கையை நீட்டி, சாப்பாட்டைத் தொட்டு, வாயில் வைத்து, பிசைந்து, நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாதவனுக்கு எவ்வளவு செல்வம் இருந்தும் வாழ்ந்த நாள் வீண் என்கிறார். பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவிக்குத்தான் ஒரு சந்தேகம்: "சரி, தரையைத் துடைச்சது யாரு?"

ராஜா வீட்டில் அதற்கு ஆள் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். நெய்ச்சோறு காய்ந்தால் மொசைக் தரையில் எப்படிப் பிடித்துக்கொள்ளும், அதைப் பெயர்க்க வெந்நீர் போதுமா, தோசைக் கரண்டி வேண்டுமா என்பதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வரியும் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொந்த ஆராய்ச்சி.

பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. மதுரையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர். ஆபீசில் எனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்கிறார்கள், இல்லை, கேட்பதுபோல முகத்தையாவது வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அந்த முகமும் கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பையன் நல்லா துறுதுறுன்னு இருக்கான்" என்பார்கள். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை தபாலில் வரும் என்று அப்போதே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மதுரைக்காரன் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிட்டுக் குமரகுருபரரைச் சொல்லாமல் போக முடியாது. திருமலை நாயக்கர் முன்னால் அவர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது அம்மனே சின்னப் பெண்ணாக வந்து, மன்னர் மடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு, அவர் கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டுவிட்டு மறைந்துபோனாள் என்று சொல்வார்கள். இந்த மறைந்துபோன இடத்தில்தான் எங்கள் வீட்டுக் கதை வேறு பக்கம் திரும்பும். என் மகன் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மடியில் ஏறி, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கழற்றவும் விடவில்லை. கண்ணாடி இல்லாததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பாலிசியில் காப்பீடு எனக்கா, ஏஜென்டுக்கா என்பது முதிர்வுத் தேதியில்தான் விளங்கும்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். ஆண்பிள்ளை என்றால் காப்பில் தொடங்கிச் சிறுதேரில் முடியும். நடுவில் வருகிற அம்புலிப் பருவம்தான் புலவர்களுக்கே வேர்த்துக் கொட்டும் இடம். குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட வேண்டும். நிலா லேசில் வருகிற ஆளா? அதனால் அரசர்கள் எதிரியிடம் காட்டும் சாம, தான, பேத, தண்டம் என்ற நாலு உபாயத்தையும் நிலாவிடம் காட்டுவார்கள். நீயும் எங்கள் பிள்ளையும் ஒன்று என்று குளிரப் பேசுவது சாமம். வந்தால் உனக்கு இன்னின்ன லாபம் என்பது தானம். நீ தேய்கிறவன், மேலெல்லாம் களங்கம், எங்கள் பிள்ளை அப்படியா என்று குத்துவது பேதம். வராவிட்டால் நடப்பதே வேறு என்பது தண்டம்.

இதை முதலில் படித்தபோது புலவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நாலு உபாயத்தையும் இடுப்பில் இருக்கும் பிள்ளையிடம் காட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கும். நிலா பேசாது.

எங்கள் வீட்டில் நிலாவையே கூப்பிட முடியாது, அது வேறு விஷயம். மொட்டைமாடியில் பருப்புச்சாதக் கிண்ணத்தோடு நின்று, "நிலா நிலா, எங்க தம்பிகூடச் சாப்பிட வா" என்று நான் தொடங்கியதும் பெரியவள் குறுக்கே வந்தாள். "நிலா வராதுப்பா. நாமதான் போகணும். சந்திரயான்-3 போச்சுல்ல, 2023-ல? அதுக்குள்ள பிரக்யான்னு ஒரு குட்டி வண்டி இருந்துச்சு." சரி, நிலாவில் பாட்டி வடை சுடுகிறாளே, அவளையாவது காட்டலாம் என்றால், "அங்க காத்தே கிடையாது. அடுப்பு எப்படி எரியும்?" சின்னவன் வாயைத் திறந்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாயில் ஒரு உருண்டையை நுழைத்துவிட்டேன். அன்று போன ஒரே உருண்டை அதுதான். இஸ்ரோவுக்கு நன்றி.

காலையில் பள்ளிக்கூட வேன் வரும் நேரத்துக்குப் புலவர்கள் தனியாக ஒரு பருவமே பாடியிருக்கலாம். வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது சின்னவன் டை கட்டி, ஷூ போட்டு, பையை மாட்டி, தண்ணீர்ப் பாட்டிலைக் குறுக்கே தொங்கவிட்டு, டவுசர் இல்லாமல் நிற்பான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நானே மாட்டிவிட்ட டவுசர். ஷூவோடு அதை எப்படிக் கழற்றினான் என்பதை யாராவது செய்துகாட்டினால் தேவலை. "என் தங்கமில்ல, ராஜாவில்ல" என்று சாமத்தில் இறங்குவேன். அவன் நான் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்வான். தங்கம்தான், ராஜாதான். டவுசர் மட்டும் வேண்டாம்.

தானத்தில் எனக்குக் கொஞ்சம் வெளிநாட்டு உதவி இருந்தது. சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்று ஒரு உளவியலாளர். ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான அகலப் பாத்திரத்திலிருந்து ஒல்லியான உயரப் பாத்திரத்துக்குக் குழந்தையின் கண்ணெதிரே மாற்றினால், சுமார் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் உயரமானதில்தான் தண்ணீர் அதிகம் என்று சாதிப்பார்கள் என்று கண்டுசொன்னவர். இதைப் படித்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏனென்றால் எங்கள் வீட்டில் தினமும் பால் பஞ்சாயத்து. அவளுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம் என்று சின்னவன் டம்ளரைக் கவிழ்ப்பான்.

மறுநாள் காலை பாத்திர ஸ்டாண்டின் பின்வரிசையிலிருந்து, என் கல்யாணத்துக்கு யாரோ மொய்யாக வைத்த ஒல்லி எவர்சில்வர் டம்ளரைத் தேடி எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பாலை ஆற்றி, அவனுடையதை ஒல்லி டம்ளரில் விட்டேன். விளிம்புவரை வந்தது. அவன் கண் விரிந்தது. அக்காவின் குட்டை டம்ளரை ஓரக்கண்ணால் பார்த்து, "எனக்குத்தான் நிறைய" என்று தூக்கினான். பியாஜே வாழ்க என்று நான் நெஞ்சுக்குள் சொல்லி முடிக்கவில்லை. பெரியவள் எழுந்து வந்து, "லூசு, டம்ளர்தான்டா உயரம், பால் ஒண்ணுதான்" என்று, அவன் கையில் இருந்ததைப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினாள். கிண்ணத்தின் அடியில் பால் பாயாக விரிந்து கிடந்தது. "பாத்தியா, இவ்வளவுதான்."

ஏழு வயதில் பிள்ளைகளுக்கு இது புரிய ஆரம்பிக்கும் என்பதும் அதே பியாஜே சொன்னதுதான். மகளுக்கு ஏழு முடிந்ததை நான் கேக் வெட்டிக் கொண்டாடியும் இருக்கிறேன். அவன் அழுத அழுகையில் என் பங்குக் காபிப் பாலும் அவன் டம்ளருக்கே போனது.

பேதத்தை அதிகம் சொல்வதற்கில்லை. "அக்கா குடிச்சிட்டா பாரு, நீதான் கடைசி" என்றால், "நல்லது" என்கிறான்.

தண்டம் என்றால் அடி உதை இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. வீட்டில் அந்தச் சட்டத்தை அமல்படுத்துவது என் அம்மா. நான் லேசாகக் குரலை உயர்த்தினால் போதும், உள்ளறையிலிருந்து, "பச்சப்புள்ளய ஏன்டா வையிற?" என்று வருவார். என்னை விளக்குமாற்றுக் குச்சியால் தெரு முழுக்க விரட்டிய அதே அம்மா. கேட்டால், "நீ அப்படி. இவன் தங்கம்" என்பார். அப்பத்தாவின் முந்தானைக்குள்ளிருந்து தங்கம் எட்டிப் பார்த்துச் சிரிக்கும்.

ஆகவே நான் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். "மூணு எண்ணுவேன், அதுக்குள்ள டவுசரைப் போடணும்." ஒன்று. இரண்டு. மூன்று வந்தபிறகு என்ன செய்வேன் என்பது எனக்கே தெரியாததால், மூன்றை நெருங்க நெருங்க எனக்குத்தான் பயம். இரண்டரை. இரண்டே முக்கால். அவன் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நல்லவேளை, தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குப் பஞ்சமில்லை. முக்காலுக்கு மேல் ஒரு அரைக்கால். அதற்கு மேல் ஒரு மாகாணி. அதுவும் தீர்ந்ததும், ஒன்றை 320 பங்காகப் போட்டு அதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்த முன்னோர்கள் கை கொடுத்தார்கள். "இரண்டே முக்காலே அரைக்காலே மாகாணியே முந்திரி!" என்று உச்சக்குரலில் முழங்கினேன்.

முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். "முந்திரியா? எனக்கு வறுத்துத் தாங்க."

அதற்குள் என் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று ஒரு பார்வை பார்த்தாள். டவுசர் ஏறியது. நான் சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டேன். அந்தப் பார்வை எங்கள் இரண்டு பேருக்கும் பொது என்றுதான் தோன்றியது.

இந்த நாலு உபாயமும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வருகிறது. அந்த நூலின் ஓலைச்சுவடி 1905-இல் மைசூரில் சாமசாஸ்திரி கைக்குக் கிடைத்து, 1909-இல் அச்சில் வந்தது. அதற்குமுன் பெயரளவில் தெரிந்த நூல்; படித்துப் பார்க்க வழியில்லை. என் மகனுக்கு ஓலையும் வேண்டியிருக்கவில்லை, அச்சும் வேண்டியிருக்கவில்லை.

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போயிருந்தோம். அழகர் வரும் கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவன் என் தோளில். நடைபாதையில் ஒருவர் சின்னச் சின்னக் கொட்டுகளை அடுக்கி வைத்து, ஒன்றைக் கையில் எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு கை என் தலையைத் தடவியது. "அப்பா, உங்க முடி எவ்வளவு நல்லா இருக்கு!" இருக்கிற நாலு முடியைப் பற்றி இப்படிச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். அடுத்து, பாதி சப்பிய ஆரஞ்சு மிட்டாய் ஒன்று என் உதட்டில் வந்து ஒட்டியது. "உங்களுக்குத்தான்பா." அதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு, "அப்பத்தா வாங்கித் தாரேன்னாங்க. அம்மாவும் சரின்னுட்டாங்க. நீங்கதான் பாவம், காசு இல்ல." பக்கத்தில் போன நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போதும் அசையவில்லை. தோளிலிருந்து வழுக்கி இறங்கியவன் தார் ரோட்டில் மல்லாந்து படுத்து, அழகர் காதில் விழுகிற மாதிரி ஒரு குரல் எடுத்தான்.

"ஏங்க, திருவிழாவுல புள்ளய அழ விடுறீங்களே, ஒரு கொட்டுதானே?" என்றார் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா. கூட்டம் முழுக்க அவர் கட்சி. கடைக்காரர் வாயே திறக்கவில்லை. விலையும் குறைக்கவில்லை. குறைக்க வேண்டிய அவசியம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

அன்றோடு எங்கள் வீட்டில் சிறுபறைப் பருவம் தொடங்கியது. விடியற்காலை ஐந்தரைக்குப் பறை. பாட்டில் வரும்போது புலவருக்கு அது இனிமையாகத்தான் இருக்கும். கீழ் போர்ஷனில் குடியிருந்து எழுதிய பிள்ளைத்தமிழ் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டை ஒளித்து வைத்தேன். மாவு டப்பா மூடியை அடித்தான். மூடியை ஒளித்தேன், கதவை அடித்தான். கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்தான். நிபந்தனை ஒன்றுதான்: அப்பா குதிரையானால் கொட்டு நிற்கும். தலையணையை நூலில் கட்டித் தேர் தயார். இழுக்க நான். என் வாய்க்குக் குறுக்கே ஈரிழைத் துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு தேரில் ஏறினான். பெரியவள் பின்னால் குடை பிடித்தாள்.

கூடத்தில் இரண்டாவது சுற்று வரும்போது ஹவுஸ் ஓனர் வந்து நின்றார். கொட்டுச் சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் படியேறியிருப்பார். நாலு காலில் நின்றபடியே வணக்கம் சொல்ல முயன்றேன். ஒரு கையைத் தூக்கினால் தேர் சாய்கிறது. அவர் முகத்தில் ஏதோ கடுமையாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

"தாத்தா," என்றான் மகன், "அப்பா நல்ல குதிரை இல்ல. நீங்கதான் பெரிய குதிரை. முன்னாடி வாங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். படிக்கட்டுப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, தூணைப் பிடித்து மெதுவாகக் குனிந்து எனக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டு, "எனக்கு முட்டி வலி தம்பி, மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் எங்கே சொல்ல, வாயில் துண்டு.