முன்னங்கால் தூக்கியும் விழாமை: ஒரு ஷோகேஸ் குதிரை ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது குதிரை, ஒன்று. உயரம் 38 சென்டிமீட்டர். பின்னங்கால்கள் கருப்புப் பளிங்குப் பலகையின் மேல், முன்னங்கால்கள் காற்றில். கூடவே கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும் ஓர் ஆள். கடிவாளம் எப்போதோ தொலைந்துபோனதால், நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர் மாதிரி இருக்கிறார். ஷோகேஸின் மேல்தட்டில் வாசம். நவராத்திரிக்கு மட்டும் கொலுவின் கடைசிப் படிக்கு, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இடமாற்றம்.

இத்தனை கனமான மிருகம் இரண்டே காலில் நின்றும் ஏன் விழவில்லை என்பதே ஆய்வு வினா. "இதுக்கு யாரு தூசி தட்டறது?" என்ற வினாதான் எங்கள் வீட்டில் இதுவரை ஆராயப்பட்டு வந்தது. அதற்கு விடை கிடைத்துவிட்டபடியால் (நான்தான்), அடுத்ததற்குப் போகலாம்.

முதலில் பூர்வீகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் எனாமல் தூக்குகளுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே இதைக் கண்டெடுத்தேன். கண்டெடுத்தேன் என்றால் காசு கொடுத்து. "வெண்கலம் சார், பிரெஞ்சு ஐட்டம்" என்றார் கடைக்காரர். அந்தக் கூற்றில் பிற்பாதி உண்மைக்கு அருகில் இருக்கிறது. இந்தக் குதிரையின் மூலம் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பதினைந்தாம் லூயியின் மார்லி அரண்மனைக் குளத்தருகே வைக்க, கியோம் கூஸ்தூ என்ற சிற்பி 1743 முதல் 1745 வரை கராரா பளிங்கில் செதுக்கிய ஜோடிக் குதிரைகளில் ஒன்று அது. புரட்சிக் காலத்தில் மார்லியை விட்டு ஷான்ஸ் எலிசே சாலையின் தொடக்கத்துக்கு வந்தன. மழையும் புகையும் அரித்தது போதும் என்று 1984-ல் உள்ளே கொண்டுபோய்விட்டு, வெளியே நகல்களை வைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஜோடியைச் சிறிதாக்கி வார்த்து, கணப்பு மேடையின் இரு பக்கமும் வைப்பது ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. ஆக, பிரான்சில் பளிங்கே குதிரை. எங்கள் வீட்டில் குதிரை உலோகமாகிவிட்டது, பளிங்கு அதன் காலடிக்கு இறங்கிவிட்டது. இந்தப் பதவி இறக்கத்தில்தான் நம் வினாவுக்கான விடை ஒளிந்திருக்கிறது.

ஏனென்றால் கல்லில் குதிரையைத் தாவ வைப்பது சிற்பிக்குத் தலைவலி. கல் பாரத்தைத் தாங்கும், வளைத்தால் முறியும். கூஸ்தூ தன் குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு பாறையையே முட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் நம் ஸ்தபதிகள் இன்னும் கெட்டிக்காரர்கள்: பாயும் குதிரையின் முதுகைத் தூணோடு சேர்த்தே விட்டு, காலடியில் வீரனையும் புலியையும் சண்டைக்கு விட்டார்கள். பார்ப்பவர் வேட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார், புலி பாரம் சுமந்துகொண்டிருக்கும். உலோகத்தில் கொஞ்சம் சுலபம். மாட்ரிடில் 1640-ல் முடிந்த நான்காம் ஃபிலிப் சிலையின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. பாரத்தை எப்படிப் பகிர்வது என்று கலிலியோவிடமே யோசனை கேட்டதாகச் சொல்வார்கள். பின்பாதி கெட்டி, முன்பாதி கூடு என்பது சூத்திரம். அப்படியும் அந்தக் குதிரையின் வால், ஒன்றும் தெரியாததுபோல், பீடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் மாமாவின் கருதுகோளைக் குறிப்பிடாமல் இருந்தால் அடுத்த கல்யாணத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சிலையில் குதிரை இரண்டு காலைத் தூக்கினால் அதன் மேல் இருப்பவர் போரில் செத்தார், ஒரு காலைத் தூக்கினால் காயம்பட்டார், நான்கும் தரையில் என்றால் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தார் என்பது அவர் கட்சி. சென்னை மன்றோ சிலையைச் சாட்சிக்கு அழைப்பார்: குதிரையின் நான்கு காலும் தரையில், மன்றோ இறந்தது 1827-ல், காலராவில். சரிதான். ஆனால் வாஷிங்டனில் 1853-ல் வைத்த ஆண்ட்ரூ ஜாக்சன் சிலையில் குதிரை இரண்டு முன்னங்காலையும் தூக்குகிறது, ஜாக்சனோ 1845-ல் தன் வீட்டில் இறந்தவர். இதைச் சொன்னதும், "அப்போ உங்க வீட்டுக் குதிரை மேல ஆளே இல்லையே, அவன் எப்படிச் செத்தான்?" என்று மடக்கினார். மேலாய்வுக்குரியது.

கடைக்காரரின் கூற்றில் முற்பாதிக்கு வருவோம். பழைய பேப்பர்காரரின் தராசில் குதிரையையும் பலகையையும் தனித்தனியே நிறுத்தினேன். குதிரை 2 கிலோ 300, பலகை 3 கிலோ 900. "வெண்கலமா இருந்தா இந்த சைஸுக்கு இன்னும் அழுத்தும் சார்" என்றவர், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, அதாவது வாலுக்கு அடியில், சாவியால் ஒரு கீறல் போட்டார். உள்ளே பொன்னிறம் இல்லை, சாம்பல். துத்தநாகம். வெண்கலம் உருக ஏறக்குறைய ஆயிரம் டிகிரி வேண்டும், துத்தநாகத்துக்கு 420 போதும். அதனால்தான் அது ஏழையின் வெண்கலமாயிற்று. ஆப்பச் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றுவதுபோல, அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் மீதியைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். மேலே வெண்கல நிறம் பூசுவார்கள். குதிரை கூடு, பளிங்கு கெட்டி. கலிலியோ சூத்திரத்தைப் பட்டறைக்காரர்கள் பலகை வரைக்கும் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் தராசில் ஏற்றுவதற்காகக் கவிழ்த்தபோதுதான் முக்கியத் தரவு கிட்டியது. பலகையின் அடியில் நைந்துபோன பச்சைக் கம்பளித் துணி. அதை உரித்தால் ஒரு குழி, குழிக்குள் துருப்பிடித்த ஒற்றை நட்டு. கூஸ்தூவின் பாறை, ஸ்ரீரங்கத்துப் புலி, ஃபிலிப்பின் வால் எல்லாம் சேர்ந்து செய்த வேலையை இந்த நட்டு நூறு வருஷத்துக்குக் குறையாமல் தனியாகச் செய்திருக்கிறது. கழற்றியபோது மரை தேய்ந்துபோயிற்று.

ஹார்ட்வேர் கடையில் காட்டினேன். "இது பழைய இஞ்சு மரை சார், இப்ப வர்றதெல்லாம் எம்.எம்." பிரெஞ்சுப் பட்டறையில் இஞ்சு மரை எப்படி? ஒன்று, இது இங்கிலாந்தில் வார்த்த நகல். அல்லது, காரைக்குடியில் யாரோ முன்பே ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறார். அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முதலாவது என் துணிபு. "உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் ஏமாந்திருக்கார், அவ்வளவுதான்" என்பது என் மனைவியின் துணிபு.

தற்போது எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறது. காய்வதற்குள் குதிரை லேசாகத் திரும்பிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. கை நீட்டியவர் இப்போது நிறுத்தப் பார்ப்பது எங்கள் ஃபிரிட்ஜை.