பில் பறித்தல்: பெக்கான் நானாஸ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சாப்பிட்டு முடித்து, கல்லா முன்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து முறுக்கும் இரு தமிழர்களைப் பார்க்கும் வேற்றுமொழிக்காரர், பழைய கடன் விவகாரம் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போய்விடுவார். இருவரும் பணம் கொடுப்பதற்காகத்தான் மல்லுக்கு நிற்கிறார்கள் என்று அவரிடம் சொன்னால் நம்பமாட்டார். அறிவுலகமும் இதே அலட்சியத்தோடுதான் ஒதுங்கிப் போயிருக்கிறது. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் நூலாதாரம். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறளையும் எத்தனை முறை புரட்டினாலும் பில்லை யார் கொடுப்பது என்பது பற்றி மூச்சே இல்லை. இதை வள்ளுவரின் குறையாகக் கொள்ளலாகாது. அவர் காலத்து விருந்து வீட்டுக்குள் நடந்தது. வீட்டில் கல்லா கிடையாது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் அன்பளிப்பைப் பற்றி எழுதியபோது கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என மூன்று கடமைகளைச் சொன்னார். தமிழர்கள் சேர்த்த நான்காவது அவருக்குத் தட்டுப்படவில்லை: எதிராளி கொடுத்துவிடாமல் தடுத்தல். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரப் பழங்குடிகள் போட்டி போட்டுக்கொண்டு வாரி வழங்கும் போட்லாட்ச் விழாவைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. பில் பறித்தலுக்கு அப்படியொரு தடை வராததற்கு ஒரே காரணம், கல்லாக்காரர்கள் இன்னும் மனு கொடுக்காததுதான்.

ஆய்வுக் களம் ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்திலுள்ள பெக்கான் நானாஸ். மாதிரி: இந்தியாவில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் சிலர். அவர்களில் ஒருவர் உள்ளூர்க்காரர், மற்றவர்கள் திருச்சி, மதுரைப் பக்கம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம் என்று ஆனதிலிருந்து இத்தகைய மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை.

இந்த ஊரைத் தேர்ந்ததற்கு அன்னாசியே காரணம். மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு மண்ணில் அன்னாசி போட்டே பேர் வாங்கிய ஊர் இது. அன்னாசிக்கென்று அருங்காட்சியகம் உண்டு; ஆளுயரத்தைத் தாண்டிய அன்னாசிச் சிலையும் உண்டு. ஜொசப்பின், என்36, எம்டி2 என்ற வகைகளையெல்லாம் வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சிலையடியில் படம் எடுக்கத்தான் வரிசை கட்டுவார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறு. அன்னாசி தனிப்பழம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் தனித்தனியே காய்த்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன கூட்டுக்கனி. வெளியே ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவின் பங்கு. வெட்டி உப்பு தொட்டு வாயில் போட்டபின், எந்தச் சதை எந்தப் பூவுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. நண்பர்கள் சாப்பிட்ட மேசையின் பில்லும் இதே தாவரவியல் வகையைச் சேர்ந்தது. பங்கு பிரிக்கலாம் என்று வாயெடுப்பவரைத் தமிழ் நட்பு மன்னிப்பதில்லை.

முதல் மோதல் காலை பசியாறும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில். ரொட்டி சனாயும் தே தாரிக்கும் முடிந்து “அண்ணே, கணக்கு” என்றதும், கடைத்தம்பி தட்டுகளை ஒரு பார்வை பார்த்து மனக்கணக்காகவே தொகையைச் சீட்டில் கிறுக்கிவிடுகிறார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்தான். ஆனால் ஊர்ப்பாசம் இங்கே செல்லாது. நாளைக்கும் வரப்போகிறவர் உள்ளூர்க்காரர் என்பது அவருக்குத் தெரியும். சீட்டு அந்தப் பக்கமே போகும். விருந்தினர் கையில் பணமாற்றுக் கடையில் வாங்கிய ஐம்பது ரிங்கிட் தாள். உள்ளூர்க்காரர் கையில் டூயிட்நவ் கியூஆர் கட்டண வசதி ஏற்றிய கைப்பேசி. போதாக்குறைக்கு, விருந்தினர் எந்தத் தொகையையும் ஏறக்குறைய இருபதால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. அவர் பெருக்கி முடிப்பதற்குள் எதிர்த்தரப்பு ஸ்கேன் செய்து முடித்திருக்கும். திகைத்த விருந்தினர் “என்ன மச்சான் இது, அநியாயம்” என்பார். “நம்ம ஊருக்கு வந்து நீ காசு எடுப்பியாலா?” என்று பதில் வரும்.

அரசாங்கமும் நடுநிலை வகிக்கவில்லை. 2025 செப்டம்பர் 30 முதல் மானிய விலை ரோன்95 பெட்ரோல், லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு, மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். அடையாள அட்டையை நீட்டினால்தான் அந்த விலைக்குப் பம்பு திறக்கும். ஆக “பெட்ரோலாவது நான் போடுறேன்டா” என்ற நூற்றாண்டுப் பழமையான சமாதான உடன்படிக்கை சட்டபூர்வமாகவே செத்துவிட்டது. நெடுஞ்சாலைச் சுங்கமும் உள்ளூர்க்காரரின் அட்டையில் போய்விடுகிறது. கூனோங் பூலாய் மலையடிவார அருவியில் காலை நனைத்துவிட்டு வருவதற்குள் விருந்தினர் தரப்பு மனத்தளவில் திவால்.

மதியம் பொந்தியானில் ‘வந்தான் மீ’ என்ற சீன நூடுல்ஸ். சீனர் கோப்பிக் கடைகளில் போர்முறையே வேறு. மீ போடுபவர் ஒருவர், பானம் கலக்குபவர் இன்னொருவர். தட்டு வரும்போது ஒருவரும் கோப்பை வரும்போது மற்றவரும் மேசையிலேயே காசு வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பெரும்போர் சில்லறைச் சண்டைகளாக உடைகிறது. இங்கே தாள் வைத்திருப்பவன் வெல்வான். திருச்சிக்காரர் ‘கோப்பி ஓ’ என்ற பாலில்லாக் காப்பிக்கான சில்லறையை வென்றார். அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

தீர்மானமான மோதல் குக்கூப்பில் நடந்தது. கடல் மேல் கால்நட்ட மீனவக் குடியிருப்பு, வட்டமேசை, எடை போட்டு விலை சொல்லும் நண்டு. மதுரைக்காரர் கை கழுவப் போகிறேன் என்று எழுந்தார். சாப்பிடுவதற்கு முன்பே கை கழுவ ஒருவர் இவ்வளவு நேரம் எடுத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. உள்ளூர்க்காரர் நண்டைப் பார்த்த மயக்கத்தில் கோட்டைவிட்டார். தண்ணீர்க்குழாயும் கல்லாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், முன்பணம் கைமாறிவிட்டது. அங்கிருந்து ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் போகும்வரை காரில் பேச்சே இல்லை. அங்கே நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்குக் கூடுதல் விலை என்று தெரிந்ததும்தான் உள்ளூர்க்காரர் முகம் மலர்ந்தது: பறிப்பதற்குப் பெரிய தொகை கிடைத்ததல்லவா.

இந்தக் கோபம் நடிப்பில்லை என்பதே எமது முக்கியக் கண்டுபிடிப்பு. பில் பறித்தலைத் தாராள மனம் என்று நினைப்பவர்கள் மொய் நோட்டைப் பார்த்தறியாதவர்கள். பில் கொடுப்பவர் கடன் கொடுக்கிறார். வாங்கியவர் ஒருநாள் தன் ஊருக்கு அழைத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வட்டிக்கு இரண்டு நாள் கூடத் தங்கவைக்க வேண்டும். கணக்கு நேரானால் யாரும் யாரையும் அழைக்கக் காரணமில்லை. குக்கூப் நண்டு பறிபோனபோது உள்ளூர்க்காரர் இழந்தது பணம் அல்ல. நண்பர்கள் தன்னிடம் பட்டிருக்க வேண்டிய கடன். அமுதசுரபி கையிலிருந்த மணிமேகலைக்கு இந்தத் தொல்லை இல்லை. பில் வராத பாத்திரம் அது. அதனாலேயே அவளை யாரும் மறுவிருந்துக்குக் கூப்பிட்டதாகக் காப்பியம் சொல்லவில்லை.

இறுதியாக ஒரு புறநடை. 2017 செப்டம்பர் முதல் மலேசியத் தங்குவிடுதிகளில் ஓர் இரவுக்கு, அறைக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி. சட்டப்படி அது வெளிநாட்டவர்மீது மட்டும் விழும். இரவு ஜொகூர் பாருவில் அறை எடுத்தபோது திருச்சிக்காரர் இந்த விதியைக் கண்டுபிடித்தார். யாரும் பறிக்க முடியாத பில்! வரியைக் கட்டி, ரசீதைப் படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் வெற்றிக் களிப்போடு போட்டார். உடனே பதில் வந்தது:

“அங்க எதுக்குடா ரூம் போட்ட? வீடு எதுக்கு இருக்கு? காலி பண்ணுங்க, கார் எடுத்துட்டு வரேன்.”