வரிசை எங்கே நிற்க வேண்டும்?

2000-களின் தொடக்கத்தில் எங்கள் கிளை அலுவலகம் நேரு வீதிக்குப் பக்கத்தில் இருந்தது. அரசுப் பதிவில் ஊர் அப்போது பாண்டிச்சேரி. புதுச்சேரி ஆனது 2006 அக்டோபரில்தான். சென்னைத் தலைமையகத்துக்கும் எங்களுக்கும் நடுவே நொடிக்கு 64 கிலோபிட் (கேபி) வேகத்தில் ஒரே ஒரு பிரேம் ரிலே லைன். கவுன்டரில் பணம் கட்டுகிறவரின் ரசீது, கணக்குப் பிரிவின் அறிக்கை, அத்தனை பேரின் இ-மெயில் எல்லாம் அதில்தான் வந்து போக வேண்டும். அந்த லைனைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

சென்னைப் பக்கம் 2 எம்பி லைன். அந்த வேகத்தில் அங்கே ஒருவர் பெரிய ஃபைலைத் தள்ளிவிட்டால், இங்கே அது 64 கேபியில்தான் இறங்கும். மிச்சமெல்லாம் நடுவில், லைன் தந்த சேவை நிறுவனத்தின் ஸ்விட்சில் குவியும். அதுவும் நிரம்பினால் பேக்கெட்டுகள் ட்ராப் ஆகும். விழுந்ததைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கம்ப்யூட்டர்கள் கேட்க, நெரிசல் இன்னும் ஏறும். “சார், ரசீது வரல, கஸ்டமர் நிக்கறாங்க” என்று கேஷியர் அம்மா குரல் கொடுப்பார்.

இதற்கு மருந்துதான் டிராபிக் ஷேப்பிங். சென்னை ரவுட்டரில் எங்கள் கிளைக்கான இணைப்புக்கு 64 கேபி என்று உச்சவரம்பு வைத்தோம். ரவுட்டர் ஒரு நொடியை எட்டாகப் பிரித்து, 125 மில்லி நொடிக்கு 8,000 பிட் என்று அளந்து விடும். மற்றதெல்லாம் ஸ்விட்ச் வரை போகாமல் ரவுட்டரிலேயே காத்திருக்கும். வரிசை நம் கையில் இருப்பதால் ரசீதை முன்னே விட்டு, இ-மெயிலைப் பின்னே நிறுத்தலாம். பாகூர் ஏரித் தண்ணீரை முறை வைத்து மடை திறந்து விடுவதைப் போன்ற ஏற்பாடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெக்கன் என்ற ஒற்றைப் பிட். வழியில் ஏதோ ஒரு ஸ்விட்சில் கூட்டம் சேரத் தொடங்கியதும், அனுப்புகிறவரை நோக்கித் திரும்பி வரும் பிரேமில் அந்தப் பிட் 1 ஆக மாறும். அதைப் பார்த்த ரவுட்டர் வேகத்தைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளும். 64 கேபி 48 ஆகும். எச்சரிக்கை தொடர்ந்தால் 36 ஆகும். கடைசியாக, நிறுவனம் உறுதி தந்திருந்த 32-இல் வந்து நிற்கும். ட்ராப் ஆன பிறகு தவிப்பதைவிட, முன்கூட்டியே கொஞ்சம் விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் லாபம்.

சென்னை ரவுட்டருக்கு டெல்நெட்டில் போய் ‘ஷோ பிரேம்-ரிலே பிவிசி’ என்று அடித்தால் பெக்கன் கணக்கு தெரியும். காலை பதினொரு மணிக்கு மளமளவென்று ஏறும் எண், மதியம் ஒரு மணிக்கு மேல் அசையாமல் நிற்கும். பாண்டிக் கடைத்தெருவில் மதியம் இறக்கிய ஷட்டரை நாலு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். எங்கள் கவுன்டரும் அப்படித்தான். பெரிய ஃபைல்களையெல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குத் தள்ளிவைத்தோம். கேஷியர் அம்மாவின் குரலும் குறைந்தது.

பிறகு எம்பிஎல்எஸ் என்ற புதுவகை இணைப்பு வந்தது, பிரேம் ரிலே ஒதுங்கியது. இன்று என் வீட்டு ஃபைபர் லைன் 100 எம்பி. ஓர் அலுவலகமே பங்குபோட்ட அந்தப் பழைய லைனைப்போல ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் மகள் வீடியோ மீட்டிங்கில் இருக்கும்போது வேறொரு போன் கடற்கரை வீடியோக்களை ஏற்ற ஆரம்பித்தால் படம் உறைந்துவிடும். “அப்பா, யாருப்பா அப்லோட் பண்றது?” என்று உள்ளறையிலிருந்து கேட்பாள்.

லைன் போதாமல் இப்படி ஆகவில்லை. மெமரி மலிவானதும் மோடம்களில் மிக நீளமான வரிசைகளை வைத்துவிட்டார்கள். வீடியோ ஃபைல் அதை நிரப்பியதும், மகளின் குரல் அதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்தக் கோளாறுக்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டு 2010 வாக்கில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நெரிசல் என்பது அதற்கும் வெகு முந்தைய கதை. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 32 கேபி இணைப்பு ஒன்று நெரிசலில் நொடிக்கு 40 பிட்டாகச் சுருண்டது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், அனுப்புகிற கம்ப்யூட்டரே நிதானிக்கும் வழியை வகுத்தார். அவரே பின்னர் பஃபர்ப்ளோட்டுக்கும் கேத்தி நிக்கல்ஸோடு சேர்ந்து ‘கோடெல்’ என்ற தீர்வைத் தந்தார். பெக்கன் செய்த வேலையும் அழியவில்லை. நெரிசலை முன்கூட்டியே சொல்லும் இசிஎன் பிட்கள் 2001-இல் இணையத் தரத்தில் இடம்பெற்றன. 2023-இல் வந்த எல்4எஸ் என்ற முறை அவற்றை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்துகிறது.

வீட்டு ரவுட்டரில், வரிசையை ரவுட்டரே நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதியை இயக்கி, லைனின் நிஜ வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்தேன். வரிசை மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வந்தது, மகளின் மீட்டிங் பிழைத்தது. சென்னை ரவுட்டரில் அன்று செய்ததும் இதேதான்.

எத்தனை எம்பி வாங்கினாலும் வரிசை எங்கோ ஓரிடத்தில் நிற்கத்தான் செய்யும். அது நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பதே நல்லது. ஒரு பெரிய ஃபைலை அப்லோட் செய்துகொண்டே பிங் போட்டுப் பாருங்கள். பதில் வரும் நேரம் பல மடங்கு ஏறினால் உங்கள் வீட்டிலும் இதே கோளாறுதான். அடுத்த ரவுட்டர் வாங்கும்போது வேகத்தோடு சேர்த்து, எஸ்க்யூஎம் இருக்கிறதா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.