குரங்குக்கு அடுத்தபடியாக ஷெப்பர்ட்

விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட் என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி. ஹாம் என்ற சிம்பன்சி ஒப்புக்கொள்ளாது. 1961 ஜனவரி 31 அன்றே அது மேலே போய் வந்து, ஆப்பிளும் தின்றுவிட்டது. என்ன, ராக்கெட் கொஞ்சம் வேகமாக உதைத்ததில் குறித்த இடத்தைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் ஃபான் பிரவுனுக்கு மனசு ஆறவில்லை. ஆளில்லாமல் இன்னொரு தடவை விட்டுப் பார்ப்போம் என்றார். பார்த்தார்கள். நல்லபடியாகவே பறந்தது. ஆனால் ஏப்ரல் 12 அன்று சோவியத்தின் ககாரின் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

மே 5, ஷெப்பர்டின் முறை. பயணமே 15 நிமிடம்தானே என்று ஒன்றுக்குப் போக எந்த ஏற்பாடும் செய்யவில்லை, அத்தனை பெரிய மூளைகளும். ராக்கெட் உச்சியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேகம், கோளாறு என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தார்கள். இறங்கிப் போய்விட்டு வருகிறேன் என்றார். கூடாது. அப்படியானால் உடைக்குள்ளேயே போகிறேன் என்றார். உடம்பில் ஒட்டியிருக்கும் மருத்துவக் கருவிகள் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும் என்று பதறினார்கள். கரண்டை நிறுத்துங்களேன் என்றார். நிறுத்தினார்கள். வல்லரசின் மானம் முதுகுப் பக்கம் வழிந்து, பருத்தி உள்ளாடையில் ஊறி, ஈரம் காய்ந்து, வானேறியது.

அப்புறம் காதுக்குள், தலை சுற்றவைக்கும் மெனியர் நோய். பறக்கத் தடை. 1963 முதல் தரையில் உட்கார்ந்து மற்றவர்களை மேய்க்கும் அதிகாரி வேலை. ஐயா சிரிக்கும் படம் ஒன்று, முறைக்கும் படம் ஒன்று, இரண்டையும் செயலாளர் கைவசம் வைத்திருந்தார். வெளியே எந்தப் படம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கடைசியில் பொய்ப்பெயரில் போய்க் காதை அறுவை செய்துகொண்டு வந்து, நிலவுக்கு டிக்கெட் கேட்டார். கிடைத்தது அப்போலோ 13. இவருக்கு இன்னும் பயிற்சி போதாது என்று மேலிடம் 14க்குத் தள்ளியது. 13இல் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. வாழ்நாளில் தாமதம் அவருக்குச் செய்த ஒரே உபகாரம்.

1971 பிப்ரவரியில், 47 வயதில், நிலவில் கோன் பள்ளத்தைப் பார்க்க சக வீரர் எட்கர் மிச்சலோடு மூச்சிரைக்க மேடேறினார். விளிம்பு எங்கே என்று தெரியாமல் திரும்பிவிட்டார்கள். கிளம்பும் முன், ஒளித்துக் கொண்டுவந்த கோல்ஃப் மட்டையின் தலையை மண் அள்ளும் கோலில் மாட்டி, ஒற்றைக் கையால் பந்துகளை அடித்தார். மைல் கணக்கில் போகிறது என்று ரேடியோவில் அளந்துவிட்டார். புகைப்படங்களை வைத்துப் பின்னாளில் அளந்தபோது அதிகத் தூரம் போன பந்து 40 கெஜம். அன்று காலை இன்னும் அந்தத் தூரம் நடந்திருந்தாலே பள்ளத்தின் விளிம்பு வந்திருக்கும்.